பூட்டிய கதவுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு டூரிங் சினிமாக் கொட்டகையைப் பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. தேனி முதல் கூடலூர் வரையில், முல்லையாற்று வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே, ஊருக்குச் சற்று ஒதுக்கமாகக் கீற்றுக் கூரையும் தட்டிச் சுவருமாக அவை நின்றன. பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழும்பும். அந்தப் பாட்டுத்தான் பெண்களுக்குக் கடிகாரம். அடுப்பை அணைத்துவிட்டு, கைக்குழந்தையை இடுப்பிலும் நடக்கிற குழந்தையைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். தரையிலே மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நாளெல்லாம் வயலிலும் ஏலத் தோட்டத்திலும் உழைத்த ஜனங்களுக்கு வேறு உல்லாசம் ஏது?

அந்தக் கொட்டகைகள் மறைந்துபோயின. அவற்றை நினைத்து ஏங்குவோர் நம்மிடையே பலர் உண்டு. ஏங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் காய்ந்த கீற்றும், எரியும் பீடியும், மின்சாரக் கம்பியும், நூற்றுக்கணக்கான குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக இருந்தன என்பது அந்த ஏக்கத்தில் மறந்துபோகிறது.

தூத்துக்குடி மறக்காது. 1979-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்நகரில் லட்சுமி டாக்கீஸ் என்ற கீற்றுக் கொட்டகை, படம் நடந்துகொண்டிருக்கும்போதே பற்றி எரிந்தது. நூறு பேர் அளவில் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கூரை எரிந்து தலைமேல் விழ ஆரம்பித்த பிறகு, இரண்டு குழந்தைகளோடு வந்த தாய் எந்தக் குழந்தையை முதலில் தூக்குவாள்? அந்தக் கேள்வியோடு மிச்ச ஆயுளைக் கழிக்க நேர்ந்தவர்களை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது.

கீற்றுக் கொட்டகையில் இவ்விதம் நேர்ந்தால், பழியைக் கீற்றின் மேல் போட்டுவிட்டு ஆறுதல் அடைவது நமது வழக்கம். 'கான்கிரீட்டுக் கட்டடமாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?' என்கிறோம். இந்த ஆறுதலையும் பறித்துக்கொண்ட சம்பவம் ஒன்று தேசத்தின் தலைநகரிலேயே நடந்தது. அதில் தங்கள் செல்வங்களைப் பறிகொடுத்த பெற்றோர் இருவர் கால் நூற்றாண்டு காலம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். ஒரு கொட்டகை எவ்விதம் குழந்தைகளைக் கொல்கிறது என்பது அணு அணுவாகப் பதிவாகியிருப்பது அவர்களுடைய உழைப்பினால்தான்.

டில்லியில் கிரீன் பார்க் என்னும் பகுதியில் உபஹார் என்று ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. உபஹார் என்றால் காணிக்கை, பரிசு என்று பொருள். 1997-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி வெள்ளிக்கிழமை 'பார்டர்' என்ற ஹிந்திப் படம் அங்கே வெளியாயிற்று. 1971-ம் ஆண்டு யுத்தத்தில் நம் வீரர்கள் காட்டிய பராக்கிரமத்தைப் பற்றிய படம். ஸ்வதந்திரத்தின் பொன்விழாவுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. பிற்பகல் மூன்று மணிக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடியதில் வியப்பில்லை. சேகர் கிருஷ்ணமூர்த்தி, நீலம் கிருஷ்ணமூர்த்தி தம்பதிகளின் மகள் உன்னதிக்கு வயது 17. மகன் உஜ்வலுக்கு வயது 13. முதல் நாளே பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்பட்டார்கள். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவர் தாயார். பால்கனி டிக்கெட்டு.

கொட்டகையின் கீழ்த்தளத்தில், மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, டில்லி மின்சார போர்டின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கு முன்னரே அதில் தீப்பிடித்தது. போர்டு ஆட்கள் வந்து பழுது பார்த்தார்கள். கம்பியை இணைப்பதற்கென்று உள்ள கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டிச் சேர்த்தார்கள் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. அந்தத் தளர்ந்த இணைப்பு மாலை ஐந்து மணி சுமாருக்குப் பொறி கக்கிக் கழன்று விழுந்தது. டிரான்ஸ்பார்மரின் பக்கத் தகடு துளைபட்டது. எண்ணெய் வழிந்து எரிந்தது. நிறுத்தியிருந்த வண்டிகளும் பற்றிக்கொண்டன. இவ்வளவும் கீழே. பால்கனிக்கு இந்த ஜ்வாலையில் ஒரு நாக்குக்கூட எட்டவில்லை. எட்டியது புகை. மாடிப்படிக்கட்டு புகைபோக்கி ஆயிற்று.

கீழ் ஹாலில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். மாண்டவர்கள் பால்கனியில் இருந்தவர்கள்தாம். ஏன் என்பதை நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பால்கனியின் வலப்பக்கத்தில் ஒரு வழி இருந்திருக்க வேண்டும். சட்டத்துக்காகப் போட்ட பிளானில் இருந்தது. அந்த இடத்தில் முதலாளிகளின் குடும்பத்தாருக்கென்று எட்டு நாற்காலிகள் கொண்ட தனி அறை ஒன்றைக் கட்டி வழியை அடைத்திருந்தார்கள். வலப்பக்கத்து நடைபாதையில் கூடுதல் நாற்காலிகளைப் போட்டுக் காசாக்கியிருந்தார்கள். இருந்த கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. விளக்கு அணைந்த பிறகு வழி காட்டுவதற்கு அவசர விளக்கு இல்லை. 'தீப்பிடித்திருக்கிறது, எழுந்து வெளியேறுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்ல ஓர் ஆள் இல்லை. இருட்டிலே ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, இல்லாத வழியைத் தடவித் தேடினார்கள். 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பிறந்து ஒரு மாதமே ஆன சிசுவும் ஒன்று.

61-வது குதிரைப் படையைச் சேர்ந்த காப்டன் மஞ்சிந்தர் சிங் பிந்தர் தம் மனைவியோடும் சிறு மகனோடும் அன்று படம் பார்க்க வந்திருந்தார். பலரை வெளியே கொண்டு வந்து சேர்த்து, குடும்பத்தோடு தாமும் மாண்டார். திரையிலே வீரர்கள் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தபோது, உண்மையான வீரர் ஒருவர் திரைக்கு எதிரே ஒரு தாழ்ப்பாளுக்குத் தம் உயிரைக் கொடுத்தார். யுத்தகளத்தில் போயிருந்தால் தேசம் அவருக்குப் பதக்கம் கொடுத்திருக்கும்.

கிருஷ்ணமூர்த்தி தம்பதிகள் தங்கள் இரு குழந்தைகளையும் ஆஸ்பத்திரியில், சவங்களின் வரிசையில் கண்டார்கள்.

இவ்விதமான காட்சி நம் பள்ளத்தாக்குக்குத் தெரியாததன்று. 2018-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ந் தேதி போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் தீப்பிடித்தபோது, மலையேற வந்திருந்த வாலிபர்களும் யுவதிகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். மலை ஜனங்கள் அவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். போடியிலும் க.விலக்கு ஆஸ்பத்திரியிலும் மதுரையிலும், எங்கெங்கிருந்தோ ஓடி வந்த பெற்றோர் தாழ்வாரத்தில் நின்றதை நம்மவர் கண்ணாரக் கண்டார்கள். உடனேயும் பின்னர் சிகிச்சையிலுமாக 23 பேர் உயிர் நீத்தனர். காடு வேறு, கொட்டகை வேறு. ஆயினும் அந்தத் தாழ்வாரம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பெற்றோர் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலோர் அழுது ஓய்ந்து, விதி என்று நம்பி, வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? நீலமும் சேகரும் அடங்கவில்லை. விபத்து நடந்த அதே மாதம் 30-ந் தேதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார்கள். 28 குடும்பங்கள் அவர்களோடு நின்றன. வக்கீல் அல்லாத தாயார் சட்டப் புத்தகங்களைக் கற்றார், சாட்சியங்களைப் படித்தார், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் தோண்டத் தோண்டப் பழைய சரித்திரம் வெளிப்பட்டது. 1983-ம் ஆண்டிலேயே அதிகாரிகள் கொட்டகையைச் சோதித்துப் பல குறைகள் கண்டு, நாலு நாளைக்கு லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கொட்டகைக்காரர் ஹைகோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினார். அந்தத் தடை பதினாலு வருஷம் நின்றது. அதுவரை தற்காலிக அனுமதிகளைக் கொண்டே கொட்டகை ஓடியது! 1989-ம் ஆண்டு ஜூலையில் அதே டிரான்ஸ்பார்மரில் ஒரு முறை தீப்பிடித்ததும் உண்டு. ஆகவே 1997-ம் ஆண்டுத் தீ முன்னறிவிப்பின்றி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அது இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தது.

கொட்டகை முதலாளிகளான சுசீல் அன்ஸல், கோபால் அன்ஸல் சகோதரர்கள் உள்ளிட்ட பன்னிரண்டு பேரைக் கீழ்க் கோர்ட்டு 2007-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சகோதரர்களுக்கு இரண்டு வருஷத் தண்டனை. 2008-ல் ஹைகோர்ட்டு அதை ஒரு வருஷமாக்கியது. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் குற்றத்தை உறுதி செய்தது. 2015-ல் ஆளுக்கு 30 கோடி ரூபாய் செலுத்தினால் சிறையில் கழித்த நாட்களே போதும் என்றது. 2017-ல் அதை மறுபரிசீலனை செய்து, இளையவர் மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றும், மூத்தவருக்கு வயதை முன்னிட்டு விலக்கு என்றும் சொன்னது. இதற்கிடையில் கோர்ட்டின் வசம் இருந்த தஸ்தாவேஜுகளையே கிழித்தும் மை ஊற்றியும் அழித்த வேறொரு வழக்கு! அதில் 2021-ல் சகோதரர்களுக்கு ஏழு வருஷம் விதித்தார்கள். 2022-ல் அனுபவித்த சில மாதங்களே போதும் என்று விட்டார்கள். வாசகர்கள் இந்தத் தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நாம் இவற்றை அடுக்கவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாயார் காலையில் எழுந்து, குழந்தைகள் இல்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார் என்பதை எண்ணிப் பார்ப்பதற்காகவே சொன்னோம்.

நம் மனத்தை எல்லாவற்றிலும் அதிகமாக உறுத்துவது நஷ்டஈட்டுக் கணக்கு. 2003-ல் டில்லி ஹைகோர்ட்டு, இறந்தவருக்கு இருபது வயதுக்கு மேல் என்றால் குடும்பத்துக்கு 18 லட்சம், அதற்குக் கீழ் என்றால் 15 லட்சம் என்று நிர்ணயித்தது. பால்கனியில் டிக்கெட்டு வாங்கியவர்கள் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதித்திருப்பார்கள் என்பது அந்தக் கணக்குக்கு ஓர் அடிப்படை. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, டிக்கெட்டைக் கொண்டு வருமானத்தை ஊகிப்பது சரியன்று என்று சொல்லி, தொகைகளைப் பத்து லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. கொட்டகைக்காரர் தண்டமாகக் கொடுக்க வேண்டிய இரண்டரைக் கோடியும் இருபத்தைந்து லட்சமாகச் சுருங்கியது.

சட்ட நிபுணர்கள் இதற்குத் தக்க காரணம் சொல்லுவார்கள். சம்பாத்தியம் நின்றுபோனதற்கு ஈடு செய்வதே நஷ்டஈடு. குழந்தைக்குச் சம்பாத்தியம் ஏது என்பார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தினந்தோறும் காலையில் ஆஜர்ப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் தொழிலை உடைய நமக்கு இந்தத் தர்க்கம் தொண்டையில் இறங்க மறுக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை பெரியவனை விட மலிவு என்று எந்தத் தகப்பன் ஒப்புக்கொள்வான்? ஒருவருக்கு நாற்பது வயதில் மரணம் என்றால் நாற்பது வருஷம் வாழ்ந்த பின் போகிறார். குழந்தை போனால் வாழ்வு முழுவதுமே போகிறது. குறைந்த தொகை விதித்த கணக்கு தலைகீழானது என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியை அடைத்துப் போட்ட நாற்காலிகளில் வருஷக்கணக்காகக் கிடைத்த வரும்படியையும் தண்டத் தொகையையும் ஒரு வியாபாரி ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்வான்? விலை மலிவாக இருந்தால் கதவு அடைபட்டே இருக்கும்.

கதவுகளைப் பூட்டுவது நம் தேசத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் இரோக்வாய் நாடக சாலை 1903-ம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்தார்கள். திறந்து ஐந்து வாரம் சென்று, டிசம்பர் 30-ந் தேதி, விடுமுறைக்காகத் தாய்மாரும் பிள்ளைகளும் நிறைந்திருந்த பகல் காட்சியில் மேடை விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. 602 பேர் மாண்டார்கள். மலிவு டிக்கெட்டுக்காரர்கள் நழுவி வந்து உயர்ந்த இருக்கையில் அமர்ந்துவிடக் கூடாதே என்று மாடிப்படியில் இரும்புக் கிராதி வைத்துப் பூட்டியிருந்தார்கள். வேறு சில கதவுகள் உட்பக்கமாகத் திறப்பவை. முன்னால் நிற்பவர் இழுக்க வேண்டும், பின்னால் நிற்பவர்களோ தள்ளுகிறார்கள். அப்படிப்பட்ட கதவு எப்படித் திறக்கும்? அந்தக் கொட்டகைக்காரர் ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. அன்று அங்கே போக இருந்து, போக முடியாமல் உயிர் தப்பிய கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி மட்டும் சும்மா இருக்கவில்லை. ஹென்றி டூபாண்ட் என்ற நண்பரோடு சேர்ந்து, உள்ளே இருப்பவர் உடம்பால் இடித்தாலே தாழ் விடுபட்டு வெளிப்பக்கமாகத் திறக்கும் குறுக்குக் கம்பியை ஆக்கினார். 1908-ல் அது கடைக்கு வந்தது. பெரிய ஊர்களில் புதிய கொட்டகைகளின் கதவில் இடுப்பு உயரத்தில் காணும் கம்பி அதன் வம்சந்தான்.

ஸ்காத்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர்க் கதை இன்னும் கொடியது. 1929-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி குழந்தைகளுக்கென்றே நடந்த காட்சியில் பிலிம் பெட்டி ஒன்று புகைந்தது. தீ என்று சொல்லத்தக்க தீ இல்லை. புகையைக் கண்டு ஓடிய குழந்தைகள், திறவாத வாயிலில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து நசுங்கினார்கள். 71 குழந்தைகள்.

சிக்காகோவிலும் பெய்ஸ்லியிலும் டில்லியிலும் தீ வெவ்வேறு இடத்தில் பிறந்தது. கொன்றது ஒரே பொருள். இதை அறிந்துதான் சட்டம் செய்தவர்கள் சட்டம் செய்தார்கள். நம் தேசத்தில் வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே 1918-ல் பிறந்த சினிமாச் சட்டம், படத்தைத் தணிக்கை செய்வதோடு, ஜனங்களின் பாதுகாப்புக்கு ஏற்பாடில்லாத கொட்டகைக்கு லைசென்ஸ் இல்லை என்றும் வகுத்தது. தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டுச் சட்டப்படி ஜில்லாக் கலெக்டர் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். கட்டட இஞ்சினீயரும் மின்சார இன்ஸ்பெக்டரும் பார்த்துச் சான்று தர வேண்டும். சட்டத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சான்று கொடுத்த நாளைக்கு மறுநாள் அந்தக் கதவில் யார் பூட்டு மாட்டுகிறார்கள் என்பதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நம் பக்கத்தில் இப்பொழுது குழந்தைகள் கூட்டமாகச் சேரும் இடம் சினிமாக் கொட்டகையைக் காட்டிலும் கலியாண மண்டபந்தான். பழைய கொட்டகைகள் சிலவே மண்டபமாக மாறியிருக்கின்றன. 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்து மாடிக் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், சமையல் கொட்டிலில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்று போய்விட்டது. போனது நல்லதே. கதவு?

சென்ற தை மாதத்தில் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நமக்கு வேண்டியவர் வீட்டு முகூர்த்தம். எழுநூறு பேருக்கு மேல் கூட்டம். மண்டபத்துக்கு முன்வாயில் ஒன்று, பின்வாயில் ஒன்று. முன்வாயிலில் வாழை மரமும், சந்தனப் பேலா வைத்த மேஜையும், போட்டோக்காரரின் விளக்குத் தண்டும். பின்வாயிலில் பூட்டு. ஏன் பூட்டியிருக்கிறது என்று காவல்காரரைக் கேட்டோம். "ஆடு மாடு உள்ளே வந்திருதுங்க சார், மொய்ப் பணம் வேற இருக்கு" என்றார். சாவி எங்கே என்று கேட்டோம். மேனேஜரிடம் என்றார். மேனேஜர் எங்கே? கம்பத்தில் வேறொரு முகூர்த்தத்துக்குப் போயிருக்கிறார், பந்திக்கு வந்துவிடுவார் என்றார்.

மணப்பெண்ணின் தாய்மாமனிடம் போய்ச் சொன்னோம். அவர் முதலில், "நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க சார் இந்தப் பேச்சு?" என்று முகம் சுளித்தார். பிறகு ஹாலில் ஓடியாடிக்கொண்டிருந்த சிறுவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தம் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. மறு பேச்சின்றிச் சமையற்காரரிடம் சுத்தியல் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தாலி கட்டுவதற்குள் பூட்டு கழன்றது. கதவு மறுபடி சாத்திக்கொள்ளாதபடி, அடுப்புக்கென்று வைத்திருந்த செங்கல் இரண்டை அண்டக் கொடுத்தார்கள். பந்தி முடிந்தவர்கள் அந்த வழியாகவே கை கழுவப் போய் வந்தார்கள்.